பூசணிக்கொடி ஏறின வள்ளம்

இயேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
1997 மாசி மாதம்,
ஞாயிறு பூசை முடிந்து வந்து.

அன்பும் பாசமும் உள்ள என் தம்பி தோமசுக்கு,

உன் அக்கா பவுலினா, தலவில அன்னம்மாவின் காவலில் மூச்சோடும் நல்ல பசியோடும் இருந்து எழுதிக்கொள்வது. நீயும் தவமலரும் என் மருமக்களும் சிலாபத்தில் சளி காய்ச்சல் இல்லாமல், சோதனைச் சாவடிகளில் மறிபடாமல், உன் மீன் லொறிக்கு டயர் வெடிக்காமல் சுகமாய் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் கோவிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். மெழுகுதிரி இரண்டு தரம் அணைந்து போனது. அதைப் பெரிதாய் எடுக்காதே, கதவுப் பக்கத்துக் காற்று.

உன் கடிதம் வந்தது. நாலாம் வகுப்போடு கிழிந்த வலை பொத்தப் போனவள் நான், எழுத்துக் கூட்டி ஆறுதலாய்த்தான் வாசித்தேன். உன் அத்தான் செத்த வருடப் பூசை முடிந்த கையோடு லொறியைக் கொண்டு வந்து என்னையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று எழுதியிருக்கிறாய். சண்டை நடக்கிற காலத்தில் பிள்ளை குட்டி இல்லாத ஒரு பொம்பிளை தனியாக இருந்து என்னத்தைத் தின்கிறாள் என்று தவமலர் நினைத்து நினைத்து அழுகிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். அவளுக்கு முதலில் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடு. பிறகு இதை வாசித்துக் காட்டு. தம்பி, நான் வரமாட்டேன். லொறியில் ஐஸ் ஏற்று, இறால் ஏற்று, கருவாடு ஏற்று, என்னை ஏற்றாதே. ஏன் என்று கேட்பாய். கதை நீளம், இருந்து வாசி.

அத்தான் கரைவலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது கயிற்றைப் பிடித்தபடியே மணலில் குந்தினார், குந்தினபடியே போய்விட்டார். அது உனக்குத் தெரியும், நீதான் பெட்டிக்குத் தோள் கொடுத்தாய். உனக்குத் தெரியாதது நீ சிலாபத்துக்குத் திரும்பின பிறகு நடந்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடு எல்லாம் சாப்பாடு கொண்டு வந்தது. எங்கள் வேதக்காரர் வந்தார்கள், கோவிலடிச் சைவ ஆட்கள் வந்தார்கள், பின்னால் அகதி முகாமில் இருக்கிற முஸ்லிம் ஆட்கள் தங்களுடைய நிவாரண அரிசியைச் சமைத்துக்கொண்டு வந்தார்கள். இடியப்பம், சொதி, புட்டு, கஞ்சி. நான் தின்றேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆனால் ஏனங்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒருநாள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அலுமாரிக்கு மேலே ஊரார் சட்டி, கதிரைக்குக் கீழே ஊரார் பீங்கான், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஆருடையதோ தூக்குச்சட்டி. என் வீட்டில் என் ஏனத்தைத் தேடி எடுக்க வேண்டி இருந்தது.

ஊரார் சட்டியை வெறுஞ்சட்டியாய்த் திருப்பிக் கொடுக்க எங்கள் அம்மா விட்டதே இல்லை. நாங்கள் பிறந்த பேசாலையில், வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளிலும் ஒரு கை உப்பாவது போட்டுத்தான் கொடுத்து விடுவா. அத்தான் இருந்த காலத்தில் எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. விடிந்தால் மீன் வரும், சட்டிக்கு இரண்டு பாரைக்குட்டியைப் போட்டு அனுப்பினால் கணக்குச் சரி. இப்போது சட்டி இருக்கிறது, மீன் இல்லை, மீன் கொண்டு வருகிறவரும் இல்லை. ஏனங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர் செத்த துக்கத்தோடு இந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது. அதனால் கிணற்றடி முருங்கையை ஒடித்தேன். சட்டிகளைப் பிறகு நிரப்பிக் கொடுக்கலாம், முதலில் சட்டிக்கு ஒரு கட்டு முருங்கையிலை என்று கணக்கு வைத்து வீடு வீடாய்க் கொடுத்தேன். எல்லோரும் சந்தோசமாய் வாங்கினார்கள். மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தங்கரத்தினம் வாசல் படலையில் வந்து நின்றாள்.

"பவுலினாக்கா, குறை நினையாதேங்கோ. இனி முருங்கையிலை வேண்டாம்."

"ஏனடி, இலை முத்தலோ?"

"இலை நல்ல இலைதான். மனுசன் ரெண்டு நாளா கக்கூசை விட்டு வெளியில வரேல்லை. கடலுக்குப் போறதோ, அங்கயே இருக்கிறதோ எண்டு யோசிக்கிறார்."

அன்றைக்குத்தான் எனக்குத் தோட்டம் என்ற புத்தி வந்தது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அந்தப் புத்தி வரக்கூடாது. அத்தானுக்கு மரக்கறி என்றாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். "புல்லுத் தின்ன நான் என்ன மாடோ?" என்று கோப்பையைத் தள்ளிவைப்பார். அவரோடு இருந்த காலம் முழுக்க இந்த வளவில் முருங்கையையும் கறிவேப்பிலையையும் தவிர ஒரு பச்சை முளைத்ததில்லை. எனக்கு விதை என்றால் என்ன, களை என்றால் என்ன என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் மீன். சரி, மீனை வைத்தே தோட்டம் செய்வோம் என்று தொடங்கினேன். முதலில், கரையில் ஒதுங்குகிற கடல்பாசி பசளைக்கு நல்லது என்று ஆரோ சொல்லக் கேட்டிருந்ததால் ஓலைப்பாயில் கட்டி இழுத்து வந்து அப்படியே பரப்பினேன். கழுவவேண்டும் என்று சொன்னவர் சொல்லவில்லை. உப்பு ஏறி முதல் போட்ட விதை எல்லாம் கருவாடாய்ப் போனது. பிறகு கரையில் மீன் வெட்டுகிற வாடியில் எறிகிற மீன்தலை, குடல், செதிள் எல்லாவற்றையும் கடகத்தில் அள்ளி வந்து மண்ணுக்குள் தாட்டேன். அதற்கு மேலே பாத்தி கட்ட வேண்டும் அல்லவா? எனக்கோ பாத்தி கட்டத் தெரியாது. மணலைக் குவிக்கிறதை நான் கடைசியாய்ப் பார்த்தது அத்தானைப் புதைத்த சவக்காலையில்தான், தம்பி. என் கை என்னைக் கேட்காமலே அந்த அளவில் குவித்துவிட்டது. ஆள் நீளம், நடு உயரம், இரண்டு பக்கமும் சரிவு. பயத்தங்கொடி ஏறட்டும் என்று ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இரண்டு தடியைக் குறுக்கே கட்டி நட்டேன். இப்போது எழுதும்போது எனக்கே விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. கறுப்புச் சீலையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குவியல்களுக்கு நடுவே நான் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவதைப் பார்த்து றோட்டால் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிச் சிலுவை போட்டார்கள். என் மேல் எவ்வளவு இரக்கம் என்று நான் நினைத்தேன். சுவாமியார் கூட வந்து, "பவுலினா, சவக்காலையில இடம் இருக்கேக்க ஏன் பிள்ளை வீட்டுக்குள்ள?" என்று மெதுவாய்க் கேட்டார். "இங்கதான் தண்ணி வசதி, சுவாமி" என்று சொன்னேன். சுவாமியார் என் தலையில் கை வைத்துச் செபித்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னது பளீலாதான். பளீலா யார் என்றால், முகாமில் இருக்கிற முத்தலிபு நானாவின் பெண்சாதி. முசலியில் வயலும் தோட்டமுமாய் இருந்தவள், ஒரே நாளில் உடுத்த துணியோடு துரத்தப்பட்டு இந்தக் கரைக்கு வந்தவள். செத்த வீட்டுக்குப் பூப்போட்ட பீங்கானில் சோறு கொண்டு வந்தவளும் அவள்தான். அந்தப் பீங்கானைக் கேட்டு வந்திருக்கிறாளாக்கும் என்று நான் பயந்து ஒளித்தேன். அவள் நாற்றத்தைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, இது என்ன, தோட்டமா, மையத்து அடக்குற மையவாடியா?"

"தோட்டம்."

"ஆரு சொன்ன?"

"நான்தான் சொல்லுறன்."

"நீங்க சொல்றீங்க அக்கா, தோட்டம் சொல்லேல்லயே!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு குவியலாய்ப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் நல்ல பச்சையாய்ச் செழித்து நின்றது. எனக்குப் பெருமை. அதைச் சுற்றிச் சிப்பி கூடப் பதித்து வைத்திருந்தேன்.

"இது என்ன?"

"கீரை."

"அல்லாவே! ஆடும் மோந்து பாத்துட்டுப் போற புல்லு அக்கா இது. இதுக்கா இவ்வளவு நாளும் தண்ணி ஊத்துன?"

"வடிவா வளந்துது, அதுதான்..."

"கள்ளன்ட புள்ளயும் வடிவாத்தான் வளருவான்" என்று சொல்லி, நான் பார்த்துக்கொண்டு நிற்கவே வேரோடு பிடுங்கி எறிந்தாள். எனக்கு ஒரு பிள்ளையைப் பிடுங்கினது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் போகவில்லை. குந்தியிருந்து மண்ணைக் கையில் அள்ளி அள்ளி விட்டாள். அவள் கையைப் பார்த்தேன். அது மண்ணை மணந்து பார்க்கிற கை. அவளுக்குக் கை இருக்கிறது, நிலம் இல்லை. எனக்கு நிலம் இருக்கிறது, புத்தி இல்லை. விளைகிறதில் சரிபாதி என்று அந்த இடத்திலேயே பேசி முடித்தோம். கடல் மணலில் மேடு கட்டினால் தண்ணீர் நிற்காது, குழிதான் வெட்ட வேண்டும், இந்தக் குவியல் எல்லாவற்றையும் நாளைக்குக் கிளறிச் சமப்படுத்துவோம், இரண்டு பொம்பிளையாய்க் கொத்தி முடிக்க ஒரு கிழமை போகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு கிழமை போகவில்லை. விடிய நான் முகம் கழுவிக்கொண்டு நிற்க, ஒழுங்கை முனையில் காவல் நிற்கிற ஆமிக்காரப் பொடியன்கள் துவக்கோடு வளவுக்குள் வந்துவிட்டார்கள். கறுப்புச் சீலைக்காரி ஒருத்தி வளவுக்குள் எதையோ தாட்டுத் தாட்டுக் குருசு நடுகிறாள் என்று ஆரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவன் சிங்களத்தில், இதுக்குள்ள என்ன இருக்கு அம்மா என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம். "மாளு" என்றேன். மீன் கடலில் அல்லவா இருக்கும், மண்ணுக்குள் எப்படி வந்தது என்று கேட்டான். கேட்கிறது நியாயம்தானே? மறுமொழி சொல்ல எனக்குச் சிங்களம் காணாது. படலையில் ஓடி வந்து நின்ற முத்தலிபு நானாவைப் பார்த்து, "நானா, மீன்தலை எண்டு சொல்லுங்கோ" என்றேன். நானா சிலாபப் பக்கம் கருவாடு விற்றுத் திரிகிறவர், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். ஆனால் துவக்கைக் கண்டதும் மீனை விழுங்கிவிட்டுத் தலை என்று மட்டும் சொல்லிவிட்டார். எத்தனை தலை என்று பெரியவன் கேட்டான். "கடகம் கடகமா" என்று நான் தமிழில் சொன்னதை நானா ஒரு சொல்லும் விடாமல் அழகாய்ச் சிங்களத்தில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆமி முகாமில் இருந்து மண்வெட்டிகள் வந்தன. பொடியன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வெட்டத் தொடங்கினார்கள். தம்பி, கூலிக்கு ஆள் பிடித்தாலும் அப்படி ஒரு கொத்து கொத்தமாட்டார்கள். இடுப்பளவுக்கு இறங்கினார்கள். நான் ஊற்றின தண்ணீரில் நன்றாய் ஊறிக் கிடந்த தலைகள் ஒவ்வொன்றாய் வெளிக்கிட, ஒருத்தன் வாழையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். இரண்டு பேர் கிணற்றடிக்கு ஓடினார்கள். பெரியவன் மட்டும் லேஞ்சியால் மூக்கைக் கட்டிக்கொண்டு கடைசிக் குவியல் வரைக்கும் பார்த்தான். பார்த்து முடிந்ததும் குந்தியிருந்து மண்ணைக் கையில் எடுத்தான். அவனும் ஆரோ வயல் செய்கிற கமக்காரன் பெற்ற பிள்ளையாய் இருக்க வேண்டும். இந்த மண்ணுக்கு மேடு சரிவராது அம்மா, குழி வெட்டித் தேங்காய் மட்டையை அடியில் போடுங்கள், வட்டக்காய் நட்டால் நல்லாய் வரும் என்று சொன்னான். வட்டக்காய் என்றால் பூசணிக்காய்தான். அவ்வளவோடு நிற்காமல், வெட்டின வெட்டு வீணாய்ப் போகாமல் வரிசையாய்க் குழி எடுத்துவிட்டு வரச் சொல்லிப் பொடியன்களுக்குக் கட்டளையும் போட்டான்.

"நான் நேத்துச் சொன்னதத்தான் அவனும் சொல்றான்" என்றாள் பளீலா. "நான் சொன்னா மம்பட்டி வரல்ல. அவன் சொன்னா வருது பாத்தீங்களா?"

அவர்கள் போன பிறகு வளவில் நல்ல நேரான குழிகள் இருந்தன, நாற்றம் இருந்தது, நாங்கள் இருந்தோம். முத்தலிபு நானா, "நான் தலையெண்டா சொன்ன?" என்று பாவம் போலக் கேட்டார். அதோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் போன பிறகு சிரிக்கிற முதல் சிரிப்பு. துக்கம் காக்கிற வீட்டில், கறுப்புச் சீலையோடு, றோட்டுக்குக் கேட்கக்கூடாதே என்று வாயைப் பொத்துகிறேன், நிற்கமாட்டேன் என்கிறது. பளீலா தன் முந்தானையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரின் தலைக்கும் மேலே போட்டு மூடினாள். உள்ளுக்குள் இருந்து இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். வெளியில் பார்த்தவர்கள் பாவம், இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். சிரித்து முடிய அழுததும் உண்மைதான்.

அதற்குப் பிறகு மழை வந்தது. மீன்தலை தன் வேலையைக் காட்டியது. பூசணி முளைத்த வேகத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன். காலையில் கிணற்றடியில் இருந்த நுனி பின்னேரம் கொல்லைப்பக்கம் போய்விடும். வெளியில் காயப்போட்ட என் உள்பாவாடை மேல் ஏறியது. கோழிக்கூட்டில் ஏறியது. அத்தான் கடலுக்குக் கொண்டுபோன வள்ளத்தை வளவில் கவிழ்த்துப் போட்டிருந்தேன் அல்லவா? அதன் மேல் ஏறி, மூடி, பூத்து, காய்த்தும் விட்டது. அப்படி இருக்கும்போதுதான் நீ சொல்லி அனுப்பிய முந்தல் மனிசன் வள்ளம் வாங்க வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"வள்ளம் எங்க அம்மா?"

"உங்களுக்கு முன்னாலதான்."

அவர் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன மாதிரி வள்ளம்?"

"இப்போதைக்குக் காய்க்கிற வள்ளம்" என்றேன்.

"கொடியை வெட்டி விடுங்கோ, வள்ளத்தைப் பாத்துத்தானே விலை சொல்லலாம்."

"காய்க்கிற கொடியை வெட்டுறதோ? பாவம் இல்லையோ? காய் முத்தட்டும்."

"எப்ப முத்தும்?"

நான் பளீலாவைப் பார்த்தேன். பளீலா வானத்தைப் பார்த்தாள். "இது முத்திறதுக்குள்ள அடுத்த கொடி ஏறிரும் தொரை. நீங்க அடுத்த வருசம் எட்டிப் பாருங்களே" என்றாள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று முத்தலிபு நானா ஒரு பெரிய பூசணிக்காயைச் சைக்கிளின் ஒரு பக்கத்தில் கட்டிவிட்டார். மற்றப் பக்கத்தில் கட்ட மறந்துவிட்டார். மனிசன் முந்தல் வரைக்கும் சரிந்தபடிதான் போயிருப்பார். அவர் உன்னிடம் வந்து அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அவருக்குக் கழுத்துச் சுளுக்கியிருக்கும், அந்தக் கோபம்.

என்னத்தைத் தின்கிறாய் என்று கேட்டாயல்லவா? இப்போது கேள். விடிய மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டைச் சம்பலோடு. மத்தியானம் சோறு, பயத்தங்காய்க் கறி, பூசணிக்காய்க் கறி, பூசணி இலையில் வறை, பூசணித் தோலில் சம்பல். பின்னேரம் பூசணி விதையை வறுத்துக் கொறித்தபடி நானும் பளீலாவும் களை பிடுங்குவோம். பூவைக் கூட மாவில் தோய்த்துப் பொரிக்கிறோம். தங்கரத்தினம் தன் மனுசன் மஞ்சளாகிக்கொண்டு வருகிறான் என்கிறாள், இருக்கட்டும், முருங்கையிலையை விடப் பரவாயில்லைதானே. ஒன்றையும் எறிவதில்லை. அரிசி கழுவின தண்ணீர் மிளகாய்க்கன்றுக்கு, மீன் கழுவின தண்ணீர் கறிவேப்பிலைக்கு. குளிக்கிற தண்ணீரும் வீணாகக் கூடாது என்று பளீலா சொன்ன நாளில் இருந்து நான் வாழைக்குள் நின்றுதான் குளிக்கிறேன். வாழை நல்லாய் வருகிறது, எனக்குத்தான் நுளம்புக்கடி. கடையில் ஒரு சாமானும் வாங்குவதில்லை. அரிசி மட்டும் வாங்குவேன். சீனி, தேயிலையும் வாங்கத்தான் வேண்டும். மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி, மல்லி, பாண். பாண் தினமும் இல்லை. மற்றப்படி ஒன்றும் வாங்குவதில்லை.

சட்டிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுப் பூசணி, ஒரு பிடி பயத்தங்காய். கொடுத்து முடிந்தது, இனி ஆருக்கும் முகம் கொடுத்துக் கதைக்கலாம் என்று நான் மூச்சு விட முதல் எல்லாச் சட்டியும் திரும்பி வந்துவிட்டது. இவர்களுக்கும் ஒரு அம்மா சொல்லி வளர்த்திருக்கிறா. பளீலாவின் பீங்கான் வட்டிலப்பத்தோடு வந்தது. தங்கரத்தினத்தின் சட்டி சூடைமீன் தீயலோடு வந்தது. நான் திரும்ப வெண்டிக்காய் போட்டு அனுப்ப, அது திரும்ப வேறொன்றோடு வர, இந்த ஒழுங்கையில் எந்தச் சட்டி ஆருடையது என்று இனி காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கும் தெரியாது.

தம்பி, ஒன்று சொல்கிறேன், இதைத் தவமலருக்கு வாசிக்காதே, அழுவாள். முதல் மாதங்களில் நான் உலை வைக்கவே இல்லை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்குப் போட்டே கை பழகிவிட்டது. பாதிச் சோறு மிஞ்சும். அந்த மிச்சச் சோற்றைப் பார்க்கப் பயந்து சமைக்காமல் படுத்தேன். இப்போது பெரிய பானையில் போடுகிறேன், மிஞ்சுவதில்லை. உன் வீட்டுக்கு வந்தால் கட்டில் தருவாய், மின்விசிறி தருவாய், தவமலர் கோப்பையில் போட்டுக் கையில் தருவாள். நான் இருந்து தின்ன வேண்டும். இருந்து தின்றால் நான் நினைத்துக்கொண்டே இருப்பேன். இங்கே அழுகை வருகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு கன்றுக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது.

போன கிழமை சவக்காலைக்குப் போய் அத்தானிடமும் சொன்னேன். "உங்கட வள்ளத்தில பூசணி காய்ச்சிருக்கு" என்று. உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சொல்லுக்கே வள்ளத்தைக் கொடியோடு கடலுக்குள் தள்ளியிருப்பார். இருந்திருந்தால் தள்ளட்டும், நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகையால் வருடப் பூசைக்கு நீங்கள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும். அன்றைக்குச் சாப்பாடு முழுக்க என் தோட்டத்துச் சாப்பாடு. கடையில் ஒரு வெண்டிக்காய் வாங்கமாட்டேன். தின்று பார்த்துவிட்டு அக்கா பட்டினி கிடக்கிறாளா என்று நீயே சொல்லு. லொறியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வா. என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

தவமலருக்கு என் முத்தங்கள். மருமக்களின் தலையில் நான் கை வைத்ததாக நினைத்து நீ ஒருதரம் கை வை. உன் லொறிக்கு முன்னாலும் பின்னாலும் மாதா நடந்து வரட்டும். சண்டை ஓய்ந்து, ஒருநாள் நீயும் நானும் பேசாலைக் கோவிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பூசை காண ஆண்டவர் வழி விடட்டும்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த
அக்கா பவுலினா.

பி.கு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் மன்னித்துக்கொள். மேலே தோட்டம் என்று வருகிற இடத்தை எல்லாம் வெட்டிவிட்டு வாசி. தோட்டம் இல்லை. சுற்றிவர அத்தானுடைய பழைய வலையைத்தான் வேலியாய்க் கட்டியிருந்தேன். நீ வரும்போது றோட்டில் நின்றே பூசணி எல்லாம் தெரிய வேண்டும், நீ வாயடைத்துப் போக வேண்டும் என்ற பெருமையில் நேற்றுப் பின்னேரம் முன்பக்கத்து வலையை நானே கழற்றி வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் உள்ளே கழுதைகள். ஒன்றிரண்டு இல்லை, இந்தக் கரையில் கட்டாக்காலியாய்த் திரிகிற அவ்வளவும். பயத்தங்கொடி இல்லை, வெண்டி இல்லை, பூசணியில் காம்பு மட்டும் இருக்கிறது. ஒரு கழுதை என்னைக் கண்டதும் போகாமல், நான் ஆர் என்று கேட்கிறது போலப் பார்த்தது. வள்ளம் இப்போது நன்றாய்த் தெரிகிறது, முந்தல் மனிசனுக்குச் சொல்லிவிடாதே. நான் கிணற்றுக் கட்டில் குந்திவிட்டேன். இனி என்ன, தம்பியோடு போவோம் என்றுதான் நினைத்தேன், உண்மையாய் நினைத்தேன். அப்போது பளீலா மண்வெட்டியோடு வந்து, "அக்கா, அழுறண்டா அந்தப் பக்கமா இருந்து அழுங்க, இந்தக் குழிய நான் கொத்தணும்" என்றாள். தங்கரத்தினம் வெண்டி விதையோடு வந்தாள். முத்தலிபு நானா கடகத்தை எடுத்துக்கொண்டு, "தின்ன எல்லாத்தயும் இங்கயே விட்டுட்டுத்தானே போயிருக்குதுகள், நல்ல பசளை" என்று கழுதைச் சாணம் பொறுக்கத் தொடங்கிவிட்டார். பிறகு நான் எப்படி இருந்து அழுகிறது? நானும் எழும்பி ஒரு குழி கொத்திவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன்.

கழுதைச் சாணம் இவ்வளவு குழிக்கும் காணாது. அதனால் பஸ்ஸில் வரச் சொன்னதையும் வெட்டிவிடு. லொறியில் வா. சிலாபத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறவர்களிடம் கேட்டு, மக்கின சாணம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவும் ஏற்றிக்கொண்டு வா. தவமலரையும் பிள்ளைகளையும் முன்னுக்கு ஏற்று, சாணத்தைப் பின்னுக்கு ஏற்று. பூசைச் சாப்பாட்டுக்கு மரக்கறியும் அங்கேயே வாங்கி வா, ஆரும் கேட்டால் என் தோட்டத்துக் காய் என்று சொல்லு. இறக்கி முடிய லொறியைக் கடல் தண்ணீரில் நானே கழுவித் தருவேன். திரும்பிப் போகும்போது அது வெறும் லொறியாய்த்தான் போகும், மனம் நோகாதே.